சல்மேரா வீட்டு ஆட்கள்

தாழைத்துறையில் சல்மேரா என்ற குடும்பப் பெயர் எப்படிப் பெருகியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், சொல்லி முடித்துவிட்டு, எதற்கும் கருவாட்டுக்காரி கித்தேரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டிவிடுவார்கள், ஏனென்றால் உயிரோடு அந்தப் பெயரை வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். இது தெரியாமல் குடும்பப் பெயர்களை ஆராய்ச்சி செய்யக் கல்லூரியிலிருந்து வந்த ஒருவர், கல்லறைத் தோட்டத்தில் சிலுவை சிலுவையாகக் குனிந்து, பர்னாந்து முப்பத்தொன்று, கோமஸ் பத்தொன்பது, மச்சாது பதினாலு, சல்மேரா எழுபது என்று குறித்துக்கொண்டு, இந்தக் கரையிலேயே தழைத்த குடும்பம் சல்மேராதான் என்று எழுதிக்கொண்டு போனார். தழைத்த குடும்பம் அந்நேரம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது. உப்பளக்காரன் என்று பொருள் என்றார் பள்ளிக்கூட வாத்தியார். பாய்மரத்தின் உச்சிக் கட்டைக்கு அப்படிப் பேர் உண்டு என்றார் கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர். பங்குச் சாமியார் போர்த்துக்கீசிய அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேடிவிட்டு, அப்படி ஒரு வார்த்தையே இல்லை அம்மா என்றார். ஒன்றும் இல்லாமலா இவ்வளவு பேர் வைத்திருக்கிறார்கள் என்று கித்தேரி கேட்டாள்.

இவ்வளவு பேர் வைத்திருந்ததற்குக் காரணம் வேறு. கடலில் செத்து ஒதுங்குகிறவனைப் பெயர் இல்லாமல் புதைக்கக் கூடாது என்பது தாழைத்துறையில் வழக்கம், பெயர் இல்லாதவனை மண் பிடித்து வைக்காது, மறுபடி அலைக்கே போய்விடுவான் என்று நம்பினார்கள். முன்பெயருக்குக் கஷ்டமில்லை, ஒதுங்கிய நாளுக்குக் காலண்டரில் எந்தப் புனிதரோ அந்தப் பெயர். குடும்பப் பெயரை யார் கொடுப்பது என்பதுதான் தகராறு, ஏனென்றால் செத்தவனுக்குப் பெயர் கொடுத்த வீட்டில் கடல் ஆள் கேட்கும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. கித்தேரியின் கொள்ளுத்தாத்தா தொம்மை சல்மேரா ஒருநாள், வெயிலில் கிடந்து நாறிக்கொண்டிருந்த ஒருவனைச் சுற்றி ஊரே நின்று வாதாடுவதைப் பார்த்துப் பொறுக்காமல், எம் பேரை எழுதுங்கடே, பேரு என்ன தேய்ஞ்சா போயிரும் என்று சொல்லிவிட்டார். அன்று பிடித்தது சனி என்று சொல்வார் உண்டு. அதன் பிறகு ஒதுங்கிய ஒவ்வொருவனையும், கழுத்தில் உத்தரியம் போட்ட வேதக்காரனானாலும் கையில் கறுப்புக் கயிறு கட்டிய வேறு சாமி கும்பிடுகிறவனானாலும், நேரே சல்மேரா வீட்டு வாசலில் கொண்டுவந்து கிடத்திவிட்டு, உங்க ஆளு வந்திருக்காவ என்று சொல்லிவிட்டுப் போவது ஊருக்குப் பழகிவிட்டது.

கடல் ஆள் கேட்கத்தான் செய்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு புயலில் கித்தேரியின் அப்பா லாசரும் தம்பி கயத்தானும் ஒரே வள்ளத்தில் போனவர்கள் வரவில்லை, பலகை கூட ஒதுங்கவில்லை. அழுது ஓய்ந்த பத்தாவது நாள் யாரோ ஒருவனைக் கொண்டுவந்து அவள் வாசலில் போட்டபோது, இனிமேல் இந்த வீட்டுக்கு ஒன்றும் கொண்டுவராதீர்கள் என்று அவள் கதவைச் சாத்துவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் கதவைச் சாத்தவில்லை. வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி சுற்றி, தலையை நன்றாகத் துவட்டி, சீப்பை எடுத்து இடப்பக்கம் வகிடு எடுத்துச் சீவினாள். அந்த மனிதன் எந்தப் பக்கம் வகிடு எடுப்பான் என்று அவளுக்கு எப்படித் தெரியும், கயத்தான் இடப்பக்கம் எடுப்பான், அதனால் எடுத்தாள். அந்த ஒன்பது வருஷத்தில் வந்த இருபத்திரண்டு பேருக்கும் அப்படியே சீவினாள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "நான் இங்க ஒருத்தனுக்குச் செஞ்சா, எங்கயோ ஒரு கரையில எவளாவது எந் தம்பிக்குச் செய்வாள்லா" என்று சொல்லிவிட்டுச் சீப்பில் மாட்டிய முடியை எடுத்துப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் குளிப்பாட்டுவதற்கு முன்னால் அவள் பார்க்கிற முதல் இடம் இடது காது, கயத்தானுக்குச் சின்ன வயதில் தூண்டில் முள் இழுத்து அந்தக் காது பாதி கிழிந்திருந்தது.

முப்பத்துநான்கு வயதில் அவளுக்குக் கல்யாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை இன்னாசி கோமஸ், படகு எஞ்சின் மெக்கானிக், இரண்டு வருஷமாக அவளிடம் தேவைக்கு மேல் கருவாடு வாங்கிக்கொண்டிருந்தவன். அவன் அம்மா பாக்கியம் புருஷனையும் மூத்த மகனையும் கடலுக்குக் கொடுத்தவள், இன்னாசியைக் கடலுக்குப் போகவிடாமல் ஸ்பானரைக் கையில் கொடுத்துக் கரையிலேயே கட்டி வைத்திருந்தாள். சல்மேரா வீட்டுப் பெண்ணா என்று முதலில் முகம் சுளித்தவள், கல்யாணமானால் அவள் கோமஸ் ஆகிவிடுவாள், அந்தப் பெயர் அத்தோடு ஒழிந்தது என்று யோசித்துச் சம்மதித்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண் மாப்பிள்ளை பெயரைச் சாமியார் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார், அதற்கு ஓலை வாசிப்பது என்று பேர். முதல் ஓலை அன்று காலைப் பூசையில், காலஞ்சென்ற லாசர் சல்மேராவின் மகள் கித்தேரி சல்மேரா என்று சாமியார் வாசித்ததும், கோயிலின் கடல் பக்கத்து வாசல் வழியாக எழுபத்தொரு ஆண்கள் வரிசையாக உள்ளே வந்து, ஆண்கள் பக்கத்தில் கடைசி ஏழு பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள், எல்லாருடைய உடம்பிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழுபது பேர் சிலுவைக்குச் சொந்தக்காரர்கள். எழுபத்தொன்றாவது ஆள் கித்தேரியின் அப்பா, போன அன்று போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டையோடு முன்னால் வந்து உட்கார்ந்தார். "பொண்ணு வீட்டுக்காரங்க வந்துட்டாவ" என்று யாரோ பின்னால் திரும்பிப் பார்த்துச் சொன்னார்கள், சாமியார் அடுத்த ஓலைக்குப் போனார்.

பூசை முடிந்து கித்தேரி அப்பாவிடம் போய், "அப்பா, தம்பி எங்க?" என்று கேட்டாள். அப்பா அவளைப் பார்த்தார், வாயைத் திறந்தார், வாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு இடது காதையும் பார்த்தாள். கயத்தான் அதில் இல்லை.

அவர்கள் போகவில்லை. அவள் பின்னாலேயே வீட்டுக்கு வந்து முற்றத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் தின்னவில்லை, சொட்டிக்கொண்டு மட்டும் இருந்தார்கள். ஊர் இரண்டு நாள் எட்டி நின்று பார்த்தது, மூன்றாம் நாள் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார், கோயில் தரை வழுக்குகிறது என்று அடுத்த பூசைக்கு ஆளுக்கொன்றாகக் காலடியில் போடப் பழைய சாக்குகளைச் சேர்த்து வைத்தார். பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாகப் போகும்போது, வழி விடுங்க மாமா என்று சொல்லிவிட்டுப் போனார்கள், மாமாக்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்தவர்களையும் போன மாசம் வந்தவர்களையும் தலையைப் பார்த்தே பிரித்துவிடலாம், கித்தேரி காலத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் வகிடு இடப்பக்கம். அவளுடைய கருவாடுதான் பாழாய்ப் போனது, எழுபத்தொரு பேர் ஈரத்தில் எந்த மீன் காயும், வாளை பூத்துப்போனது, நெத்திலி புழுத்துப்போனது. நான்கு வீடு தள்ளியிருந்த நல்ல தண்ணீர்க் கிணறும் கரிக்க ஆரம்பித்தது.

கிணறு கரித்த பிறகுதான் ஊர்க் கமிட்டி கூடியது. விஷயம் எல்லாருக்கும் புரிந்துதான் இருந்தது. கித்தேரி கோமஸ் ஆகிவிட்டால் அந்தப் பெயரைச் சொல்ல உயிருள்ள ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள், தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாத பெயரோடு மண்ணுக்குள் இருக்க முடியாமல் இவர்கள் இப்படியே சொட்டிக்கொண்டு கிடப்பார்கள், இனி ஒதுங்குகிறவனுக்குக் கொடுக்கவும் பெயர் இருக்காது. இன்னாசி சல்மேரா என்று பெயர் மாற்றிக்கொள்ளட்டும், இல்லையென்றால் கித்தேரி கல்யாணத்தை நிறுத்தட்டும் என்றார் தலைவர். இன்னாசி எழுந்து, "எனக்குச் சம்மதம், மாத்திக்கிடுதேன்" என்றான். பாக்கியம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு ஆம்பளையக் குடுத்தாச்சு. மிச்சம் இருக்கவனையும் நானே பேரெழுதிக் குடுக்கவா?" என்று கேட்டாள், கித்தேரியைப் பார்த்துக் கேட்டாள். "உன்னக் கும்பிடுதேன் மக்கா, அவனுக்கு மட்டும் அந்தப் பேரு வேண்டாம்."

தன் வீட்டில் நடந்ததைக் கித்தேரியால் மறக்கவா முடியும். இன்னாசி அந்தப் பெயரோடு நடமாடுவதை நினைத்துப் பார்த்தாள், அவன் சட்டை ஈரமாக இருப்பதுபோல் பட்டது. இரண்டாம் ஓலை வாசித்த அன்று எழுபத்தொரு பேரும் மறுபடி கோயிலுக்கு வந்து உட்கார்ந்து, மறுபடி அவளோடு திரும்பிவந்தார்கள், அன்றும் கயத்தான் வரவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று சிலர் சொன்னார்கள். சிலர், அவன் இவர்களைப்போல வரக்கூட முடியாத ஆழத்தில் கிடக்கிறான் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அவளுக்கு இரண்டாவதுதான் மனதில் தங்கியது.

அந்த வாரம் சாமியார் ஓலைக்காகப் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைப் புரட்டியவர், கரையான் அரித்த ஒரு பக்கத்தைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். முற்றத்தில் இருந்தவர்கள் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள்.

"உங்க குடும்பத்துல முதல் ஆள் பத்தி எழுதியிருக்கு, கேளும்மா," என்று வாசித்தார். "கடலில் உயிரோடு ஒதுங்கிய வாலிபன். ஊர் தெரியாது, பெயர் தெரியாது, பேச்சு வரவில்லை. மாத்தேயு என்று ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. ஞானத்தகப்பனாக நின்ற பிள்ளையில்லாத வலைக்காரர் பெத்ரு சல்மேரா தன் பெயரைக் கொடுத்தார்."

"அப்போ நாங்களும் ஒதுங்குன ஆளுவதானா, சாமி?"

"ஆமா. அந்த பெத்ருவோட ரத்தம் யாருக்கும் இல்ல. தொம்மை காலத்துக்கு முன்னாடியே அந்தப் பேர் கடன் வாங்கின பேர்தான்."

கித்தேரி முற்றத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் என்று நினைத்தவர்களும் தானும் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள் என்றால், இவர்களை விட்டுவிட்டு எழுந்து போக அவளுக்கு எப்படி மனசு வரும். சாமியார் போன பிறகு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே, கல்யாணம் வேண்டாம்ப்பா என்று சொன்னாள். பிழியப் பிழியத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் ஓலையில் தடை உண்டா என்று சாமியார் கேட்கும்போது தானே எழுந்து உண்டு என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தாள். இன்னாசியிடம் சொன்னபோது அவன் கையிலிருந்த எஞ்சின் எண்ணெயைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. அன்றைக்கு வேறொரு கல்யாணத்துக்கு முதல் ஓலை, மச்சாது வீட்டுப் பையனுக்கு மேற்குக் கரையில், பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் போகிற ஏதோ ஓர் ஊரில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவும் இரண்டு அண்ணன்களும் மாப்பிள்ளை ஊரைப் பார்க்கவென்று முந்தின நாளே வந்து, வயிறாரச் சாப்பிட்டு, சட்டையில் மடிப்புக் கலையாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் புது ஓலையை முதலில் எடுத்தார்.

"புன்னமூட்டு வீட்டு வர்க்கீஸின் மகள் ரீத்தா" என்று வாசித்தார், அந்தக் கரையில் வீட்டுப் பெயர்தான் குடும்பப் பெயர்.

கடல் பக்கத்து வாசல் வழியாக ஓர் ஆள் உள்ளே வந்தான். சல்மேரா ஆட்கள் எழுபத்தொரு பேரும் அவரவர் பெஞ்சில் ஏற்கெனவே இருந்தார்கள், இவன் வேறு. சிவப்பு மண் ஒட்டிய வெள்ளை வேட்டி கட்டியிருந்தான், தண்ணீர் சொட்டச் சொட்டப் பெஞ்சுகளைத் தாண்டி நடந்துபோய், மேற்குக் கரைக்காரர்களின் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தான். அவனுடைய இடது காது பாதி கிழிந்திருந்தது. தலையை யாரோ நன்றாகத் துவட்டி, எண்ணெய் வைத்து, வலப்பக்கம் வகிடு எடுத்துச் சீவியிருந்தார்கள்.

கித்தேரி முதலில் பார்த்தது அந்த வகிட்டைத்தான். கயத்தானைத் தெரியாத யாரோ ஒருத்தி, அவனுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல், தன் வீட்டில் யாருக்கு எடுப்பாளோ அந்தப் பக்கம் எடுத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் ஒன்பது வருஷத்துச் சந்தேகம் அவளுக்குத் தீர்ந்தது. அவன் உயிரோடு இல்லை, ஆழத்திலும் இல்லை, வேறு பெயரில் ஒரு மண்ணுக்குள் நன்றாக இருந்திருக்கிறான், அதனால்தான் சல்மேரா என்று இரண்டு வாரம் கூப்பிட்டும் அவனுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, அதோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் வந்தது, எதை முதலில் அடக்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முக்காட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ரீத்தாவின் அப்பா வர்க்கீஸ் பக்கத்தில் ஈரம் படுவதை உணர்ந்து திரும்பினார். அவனை அடையாளம் கண்டுகொண்டார், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவரும் அவர் மகன்களும்தான் அவனைத் தூக்கிப்போய் மண்ணில் வைத்திருப்பார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் முதுகில் போர்த்திவிட்டு, தன்னையே பார்த்துக்கொண்டிருந்த உபதேசியாரிடம், "எங்க ஆளு" என்று சொன்னார். இரண்டு அண்ணன்களும் நகர்ந்து இடம் விட்டார்கள்.

கோயில் முழுக்க எல்லாருக்கும் கயத்தானைத் தெரியும். பாக்கியம் அவனைத் தூக்கி வளர்த்தவள் மாதிரிதான், மாங்காய் திருடும்போது அடித்தும் இருக்கிறாள். அவள் கயத்தானைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், செத்தவனுக்குப் பெயர் கொடுத்தும் கடல் கேட்காமல் வாட்டசாட்டமாக உட்கார்ந்திருக்கிற அந்த வீட்டு மூன்று ஆண்களைப் பார்த்தாள். எல்லாரும் கித்தேரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் அவள் வாய் திறந்து கயத்தான் சல்மேரா என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், அவன் எழுந்து அவள் பின்னாலேயே வந்துவிடுவான், முற்றத்தில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான்.

அவள் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். குனிந்து அவன் காலடியில் விரித்து, பாதத்தைத் தூக்கிச் சாக்கின் மேல் வைத்தாள். பாதம் குளிர்ந்திருந்தது.

"நீங்க எந்த வீட்டு ஆளு?" என்று கேட்டாள்.

அவன், விருந்துக்குப் போன வீட்டில் தண்ணீர் கொடுக்கிறவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். இரண்டு வாரமாகச் சல்மேரா ஆட்களில் எவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவன் பேசினான்.

"புன்னமூடு" என்றான்.

"நல்ல வீடு," என்றாள் கித்தேரி. "இருந்து சாப்பிட்டுப் போங்க."

தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து அவள் அப்பாவைப் பார்த்தாள். கடைசி பெஞ்சுகளில் முன்னால் உட்கார்ந்திருந்த லாசரின் சட்டை நுனியிலிருந்து சொட்டுவது நின்றிருந்தது.

சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். கித்தேரி எழுந்திருக்கவில்லை. பாக்கியம் எழுந்தாள். இன்னாசி அம்மாவின் கையைப் பிடித்தான், அவள் உதறிவிட்டாள்.

"தடை ஒண்ணும் இல்ல, சாமி," என்றாள். "அவ எங்க வீட்டுக்கு கோமஸா வரட்டும். இந்த எழுபத்தொரு பேரு இருக்காவள்லா, அவுங்க பேர வருஷா வருஷம் நானும் அவளுமாச் சொல்லிருதோம். இனிமே வாரவங்களுக்கு எங்க பேர எழுதுங்க." உட்காரப் போனவள், மறுபடி நிமிர்ந்து ஊரைப் பார்த்து, "ஒவ்வொரு வீட்டுக்கும் பேரு இருக்குல்ல, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். மச்சாது வீட்டுப் பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அடுத்தது எங்க வீடு என்றார். பர்னாந்துகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் ஒருவர் பின் ஒருவராகத் தலையை ஆட்டினார்கள்.

சல்மேரா ஆட்கள் கல்யாணம் வரை இருந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் கடல் பக்கத்து வாசல் வழியாக வரிசையாகப் போய்க் கல்லறைத் தோட்டத்தில் இறங்கினார்கள், லாசரும் அவர்களோடு போனார், அவருக்கு முதல் தடவையாக ஒரு சிலுவை நட்டார்கள். கிணறு ஒரு மாசத்தில் தெளிந்தது. இப்போதும் இறந்தோர் நாளில் கித்தேரி பெயர்களை வாசிக்கும்போது எழுபத்தொரு பேரும் வந்து உட்கார்கிறார்கள், சாக்குகளை உபதேசியார் துவைத்துத் தனியாக வைத்திருக்கிறார். உயிரோடு சல்மேரா என்று ஒருவரும் இல்லை.

கல்யாணமான இரண்டாவது வியாழக்கிழமை தெற்கே பாறைப் பக்கம் ஒருவன் ஒதுங்கினான். இருபது வயதுதான் இருக்கும், கையில் கறுப்புக் கயிறு. பழக்க தோஷத்தில் அவனைப் பழைய சல்மேரா வீட்டு வாசலுக்குத் தூக்கிப்போனவர்கள் பாதி வழியில் நினைவு வந்து திரும்பி, பாக்கியத்தின் வாசலில் கிடத்தினார்கள். பெயர் என்ன எழுத என்று சாமியார் கேட்டார், பாக்கியம் ஒரு நிமிஷம் கடலைப் பார்த்துவிட்டு, கோமஸ் என்றாள். கித்தேரி அவனைக் குளிப்பாட்டி, தலையைத் துவட்டி, மடியில் சாய்த்து வைத்துச் சீப்பை எடுத்தாள். இந்தத் தடவை அவன் காதைப் பார்க்கவில்லை. சீப்பை இடப்பக்கம் கொண்டுபோனவள் நிறுத்தி, வலப்பக்கம் வகிடு எடுத்தாள்.